காவல் நின்ற மூன்று

தலைமை டாக்டர் குப்பைத் தொட்டியில் போடவிருந்த, செல் வளர்க்கும் கண்ணாடித் தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் லேப் டெக்னீஷியன்.

"நீ வெள்ளணுவே போடாத தட்டுல மூணு வெள்ளணு எப்படிம்மா வரும்? எங்கேயோ கலந்துபோச்சு. தூக்கிப் போடு!"

"மாட்டேன் சார். வேணும்னா என்னைத் தூக்குங்க."

சாகிற செல்லைக் கண்டால் விழுங்கித் துப்புரவு செய்வதுதான் வெள்ளணுவின் பிழைப்பு. இந்த மூன்றும் விழுங்கவில்லை. ஐந்து நாளாகச் சுற்றி நின்று காவல் காத்தன. செத்துக்கொண்டிருந்த செல்கள் ஒவ்வொன்றாகப் பிழைத்தன.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்து நிமிர்ந்த டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "செல் யாரோடது?"

"என்னோடது சார். ஆறு மாசம்தான்னு ஆஸ்பத்திரியில கெடு சொல்லிட்டாங்க."

"வெள்ளணு?"

"டி.என்.ஏ. பார்த்துட்டேன். எங்கண்ணனோடது. என்மேல யாரையும் கை வைக்க விடமாட்டான் சார். போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாச்சு."