கூப்பிட்டவர் வைக்கும்வரை

பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு, அலுவலகத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு போன்களையும் ஒரே பகலில் இணையத்துக்கு மாற்றிவிட்டாள் அவள். எல்லாவற்றிலும் சோதனை அழைப்பு போட்டாயிற்று. ஒரு அழைப்பு அறுந்திருந்தாலும் மேலாளர் அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டார், ஒன்றுகூட அறுபடவில்லை. பெருமையில் அவள் கால் தரையில் பாவவில்லை.

“புதுசுல யார் வெச்சாலும் ‘பை’னு மெசேஜ் போய் கால் முடிஞ்சிரும். உங்க பழசுல எப்படிண்ணே?”

“கூப்பிட்டவங்க வெக்கணும். அதுவரைக்கும் லைன் விடாது,” என்றார் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த சக ஊழியர். “மரியாதை தெரிஞ்ச லைன்மா.”

“ரொம்பத்தான்!”

மேசைமேல் உபரியாக இருந்த புதுப் போன் அடித்தது. திரையில் 213. அப்படி ஓர் எண்ணை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

“நல்லாக் கேக்குதும்மா,” என்றது ஒரு பெண்குரல். “கெட்டிக்காரி.”

நன்றி சொல்லி வைத்துவிட்டுக் கணினியில் பார்த்தாள். அந்த அழைப்பு தொடங்கியதாகவும் பதிவில்லை, ‘பை’ சொன்னதாகவும் இல்லை. ரிசீவரை மறுபடி எடுத்தாள்.

“நான் இன்னும் வெக்கலயேம்மா,” என்றது குரல்.

“அண்ணே, இந்த போன் கேபிளைப் பிடுங்கிடாதீங்க! அறுந்துச்சுன்னா என் மானமே போயிரும்.”

அவர் கையிலிருந்த சுருளைத் தூக்கிக் காட்டினார்.

“அதுக்கு இன்னும் கேபிளே மாட்டலியேம்மா.”

அவள் அறிக்கையை இழுத்து எழுதினாள்: ‘மொத்த அழைப்புகள் 213. அறுபட்டது ஒன்றுமில்லை.’