வலது பக்கத்துப் பை

அவள் தன் முதுகுச் சிலிண்டரைக் கம்பியால் மூன்று முறை தட்டினாள்.

கடலுக்கடியில் வாய்க்கு வேலையில்லை. மூன்று தட்டு என்றால், இங்கே பாருங்கள். விடாமல் தட்டினால் ஆபத்து. அழைத்து வந்த விருந்தாளிகளுக்குப் படகிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

அவர்கள் திரும்புவதற்குள் சுறாக்கள் திரும்பிவிட்டன.

மூன்று. ஒவ்வொன்றும் ஆள் நீளம். மனிதரைக் கண்டால் சட்டை செய்யாமல் ஒதுங்கிப் போகிறவை, இன்று நேராக அவளிடம் வந்தன. அவள் வலது இடுப்பை முட்டின.

வலது இடுப்பை மட்டும்.

விருந்தாளிகளுக்கு ஒரே குஷி. ஒருவர் கையை நீட்டினார். அதைப் பிடித்து மடக்கினாள். தன் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டாள். எல்லோரையும் மெல்ல மேலே கூட்டி வந்து சேர்த்தாள்.

அவள் போட்டிருந்தது கணவன் கஸ்பாரின் மிதவைச் சட்டை. அவளுடையதில் காலையில் காற்று கசிந்தது. கொடியில் தொங்கிய அவனுடையதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் அடுத்த குழுவோடு பின்னால் வரும் படகில் இருந்தான்.

படகில் ஏறியதும் வலது பக்கத்துப் பையைத் திறந்தாள்.

சாளை மீன் துண்டுகள்.

கஸ்பார் இறங்கினால் சுறா நிச்சயம் என்று தீவு முழுக்கப் பேச்சு. எல்லாம் ராசி என்பான். ராசிக்கு இவ்வளவு கவிச்சி அடிக்குமா என்று அவளுக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். குழம்புக்கு வாங்கினேன் என்பான். வீட்டில் சாளைக் குழம்பு கொதித்ததே இல்லை. தீனி போடுகிறாயா என்று கேட்டதற்கு, மாதா மேல் சத்தியம் செய்தான்.

கையில் தின்று பழகிய சுறா, கைக்கும் மீனுக்கும் வித்தியாசம் பார்க்காது. தினமும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்கிறவனே அவன்தான். அவனே தட்டும் சத்தத்துக்குத் தீனி தேடி வரும்படி அவற்றைப் பழக்கியிருக்கிறான்.

துண்டுகளைத் தன் சோற்று வாளியில் கொட்டி மூடினாள்.

அவன் படகு வந்து உரசி நின்றது. சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். மாட்டும்போது அவன் கை தானாக வலது பைக்குப் போனது.

அங்கேயே நின்றது.

அவளைப் பார்த்தான். கேட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பையை மூடினான்.

பின்னால் நான்கு பேர் கேமராவோடு தயாராக இருந்தார்கள். சுறா காட்டுவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"இன்னைக்குத் தட்டாதீங்க," என்றாள்.

"உனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்," என்று சிரித்துவிட்டு, முதுகுப்புறமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான்.

அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

நால்வரும் அவன் பின்னால் இறங்கினார்கள்.

அவள் படகின் அடிப்பலகையில் காதை வைத்துப் படுத்தாள். கோபமெல்லாம் போய்ப் பயம் மட்டும் இருந்தது.

பை காலி என்று அவனுக்குத் தெரியும். தட்டமாட்டான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான்கு. ஐந்து. ஆறு.

தட்டல் நிற்கவில்லை.