வியாழக்கிழமை மாமியார்

“இதுக்கு மேல பொறுக்க முடியாதுங்க. இன்னிக்குத் தீர்மானம் போட்டே ஆகோணும்!”

பொருளாளர் சாமியாத்தாள் தட்டிய தட்டில் டீப்பாய் மேலிருந்த காபி டம்ளர்கள் ஆடின.

கோவை ரேஸ்கோர்ஸில் ரங்கநாயகி அம்மாளின் பங்களா. மாதர் சங்கத்தின் செயற்குழு அங்கேதான் கூடும். தலைவியும் அவர்தான். இரண்டு மில்லுக்குச் சொந்தக்கார அம்மாள் இருக்கும்போது வேறு யார் தலைவியாக முடியும்?

கோபத்துக்குக் காரணம், முந்தின நாள் டி.வி.யில் வந்த சிரிப்புத் தொடர். பணக்கார வீட்டு மருமகள் ஒருத்தி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய், கைவிடப்பட்ட பெண்களுக்காக இல்லம் நடத்துகிறாள். அவளுடைய மாஜி மாமியார் போட்டிக்குத் தர்மம் செய்கிறாள். போட்டோ சரியாக விழவில்லையென்றால் கொடுத்த சேலையைப் பிடுங்கி, மறுபடி சிரித்துக்கொண்டே கொடுப்பாள். அந்த 1997-ல் கோவையே வியாழக்கிழமைகளில் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தது.

எழுதுவது சண்முகப்பிரியா. ரங்கநாயகி அம்மாளின் மாஜி மருமகள். மூன்று வருஷம் முன்புதான் அவர் மகனிடமிருந்து விவாகரத்து வாங்கிக்கொண்டாள். துடியலூரில் நிஜமாகவே இல்லம் நடத்துகிறாள். அதுவும் சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தில்!

“நம்ம கட்டடத்துல இருந்துக்கிட்டு நம்ம தலைவியவே கேலி பண்றா. காலி பண்ணச் சொல்லிப்போடோணும்.”

செயலாளர் கிளாடிஸ் மினிட்ஸ் நோட்டைத் திறந்துவிட்டுத் தயங்கினாள். “அங்க இருபத்தாறு பொம்பளைங்க இருக்காங்க. எங்கீங்க போவாங்க?”

“அதை அவ யோசிச்சிருக்கோணும். நேத்துப் பாத்தீங்களா? மருமவ ஊட்டை உட்டுப் போறப்ப, மாமியாக்காரி கேட்டுலயே நிறுத்தி, ‘பொட்டியத் தொறந்து காட்டிப்போட்டுப் போ’ங்கறா. தொறந்தா நாலு சேலை. கூடவே மாமியாளுக்கு எந்த நேரம் எந்த மாத்திரைன்னு எழுதி வெச்ச சீட்டு! நம்ம அம்மா அப்படியெல்லாம் பேசற ஆளுங்களா? அத்தனையும் பொய்யி. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே…”

சாமியாத்தாள் சட்டென்று நிறுத்தினாள்.

“…வயிறே எரிஞ்சுபோச்சுங்க.”

தீர்மானத்துக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. கிளாடிஸும் தலைவியும் தவிர எல்லோருடைய கைகளும்.

“ஏனுங்கம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றாள் சாமியாத்தாள்.

ரங்கநாயகி அம்மாள் நிமிர்ந்தார்.

“கிளாடிஸ், எழுதிக்க கண்ணு. அந்தக் கட்டடத்தை இல்லத்துக்கே எழுதிக் குடுத்தர்லாம்னு நான் தீர்மானம் கொண்டுவாரேன்.”

உயர்ந்த கைகளை இறக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

“என்னங்க இது! ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கற மாதிரி பண்ணிப்போட்டா…”

“சிரிக்கட்டுமுங்க. தொடர் எழுதிக் கெடைக்கற காசுல அவ ஒரு பைசா தொடறதில்ல. அத்தனையும் அந்தப் பொம்பளைங்களுக்குத்தான் போகுது. ஊரு பூராவும் டி.வி. முன்னால உக்கார வெச்சிருக்கறாளே, என்ற மருமவளாட்ட எழுதறதுக்கு இந்தக் கோயமுத்தூர்ல வேற ஆளு இருக்குதுங்களா?”

‘மாஜி’ என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. மில்லுக்குப் புது மெஷின் வந்த நாளில்கூட அந்த முகத்தில் இத்தனை பெருமையை யாரும் பார்த்ததில்லை.

சாமியாத்தாள் விடுவதாக இல்லை. “அவ நல்லவளாவே இருக்கட்டுங்க. அந்த மாமியா பேசற பேச்செல்லாம் பச்சைப் பொய்யில்லீங்களா?”

ரங்கநாயகி அம்மாள் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்:

“எழுதறதுக்கு முன்னால நேரா எங்கிட்டத்தான் வந்தா. ‘நடந்ததை எழுதட்டுங்களா அத்தை?’ன்னு கேட்டா. ‘எழுது அம்மணி’ன்னேன். ‘ஆனா நீங்க பேசுனது எதுவுமே எனக்கு ஞாபகமில்லீங்க அத்தை’ன்னு சொல்லிப்போட்டா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணுகூட மறக்கலீங்க. அந்த மாமியா வசனம் அத்தனையும் நான் உக்காந்து எழுதிக் குடுத்தது.”