அவள் ஏறினால் நிற்கும் படகு

"முதல்ல அவ இறங்கட்டும். அப்புறம் கயித்தை இழு, ஓடுதா இல்லையான்னு பாரு" என்றார் மாமா.

தங்கை படகிலிருந்து துறையில் இறங்கினாள். மாமா முன்பலகையிலிருந்து எழுந்து வந்து, அவள் விட்டுப்போன நடுப்பலகையில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். பின்பக்கம் நின்ற அண்ணன் என்ஜின் கயிற்றை இழுத்தான். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு என்ஜின், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இருமாமல் கிளம்பியதே இல்லை என்பதால் அவன் அதற்கு வைத்த பெயர் இருமல்காரன்.

இருமல்காரன் கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டான். படகு ஏரியில் பெரிய வட்டம் அடித்து, எங்கும் திணறாமல் துறைக்குத் திரும்பியது.

"பார்த்தியா?" என்றார் மாமா. "நான் சொன்னா கேக்க மாட்டீங்க. இப்ப என்ஜினே சொல்லுது."

"அது இரும்பு மாமா. அதுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"தெரியுதே. அவ ஏறினா நிக்குது, இறங்கினா ஓடுது. போன வீட்லயும் நிலைக்கல, சேர்ந்த கம்பெனியையும் பூட்டிட்டாங்க. மிச்சம் இருக்கறது என் படகு ஒண்ணுதான்."

படகு மாமாவுடையது, என்ஜின் மட்டும்தான் அண்ணனுடையது. அக்கரையில் இருக்கும் தொழிற்சாலைக்கு நாளை முதல் ஆட்களை ஏற்றிப் போவதாக ஏற்பாடு. காலையில் தங்கை ஓட்டுவாள், மாலையில் அண்ணன். கணவனைப் பிரிந்து வந்து, சேர்ந்த கம்பெனியும் மூடிய பிறகு அவளுக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலை அது. மாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் இல்லை.

"இன்னொரு தடவை பார்த்துடலாம் மாமா" என்றாள் தங்கை. மாலை வகுப்பில் அவள் என்ஜின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்ணா மாத்திப் பார்க்கணும்னு வகுப்புல சொல்வாங்க. ரெண்டை ஒரே நேரத்துல மாத்தினா, எதால நின்னுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது."

"தாராளமா மாத்து. உன் ராசியை மட்டும் மாத்த முடியாது."

அவள் என்ஜின் மூடியைத் திறந்தாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. ஃபில்டரில் தண்ணீர் இல்லை. படகின் முனையில் இருந்த டேங்க்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. காற்று போக டேங்க் மூடியில் இருக்கும் திருகும் திறந்தே இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம்தான் கூடியது. பழுது எதிலும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது அவள்தானே.

"அண்ணா, ஒருவேளை நிஜமாவே என்னாலதானோ?" என்றாள் மெதுவாக.

"லூசு மாதிரி பேசாம ஏறு."

"இதான் கடைசி" என்றார் மாமா. "இந்தத் தடவையும் நின்னா, அவ இந்தப் படகு பக்கமே வரக் கூடாது. சம்மதமா?"

அண்ணன் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள். "சம்மதம் மாமா."

அவள் நடுப்பலகைக்கு வந்ததும், மாமா எப்போதும்போல் சட்டென்று எழுந்தார். "பக்கத்துல உக்காந்தா எனக்கும் ஒட்டிக்கும். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வாழணும்னு ஆசை" என்று சொல்லிக்கொண்டே முன்பலகைக்குப் போய், அதன்மேல் விரித்திருந்த தார்ப்பாயில் தொப்பென்று உட்கார்ந்தார். பலகை முனகியது.

இருமல்காரன் கிளம்பினான். துறை பின்னால் போனது. அவள் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஏரியின் நடுவை நெருங்கும்போது என்ஜின் ஒருமுறை விக்கியது. பிறகு குரல் தேய்ந்து, நின்றுபோனது. படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துடுப்பை எடு மாப்ள."

அவள் மட்டும் பின்பக்கம் போய் என்ஜின் அருகே மண்டியிட்டாள். பெட்ரோல் குழாயின் இடையில் எலுமிச்சம்பழம்போல ஒரு ரப்பர் பம்ப் இருக்கும். பெட்ரோல் வந்தால் அது உப்பியிருக்க வேண்டும். இப்போது பட்டினி கிடந்த வயிறுபோல ஒட்டிக்கிடந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"இன்னும் என்னத்தை நோண்டறே?" மாமா கோபமாக எழுந்து நின்றார். "சம்மதம்னு சொன்னேல்ல?"

அவளுடைய உள்ளங்கையில் பம்ப் மெல்ல உப்பியது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, உக்காருங்க."

"என்னது?"

"சும்மா உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். அவள் பம்ப்பை அமுக்கினாள். அது ஒட்டிப்போய், எழும்பவே இல்லை.

"இப்ப எந்திரிங்க."

"ஏன், தோப்புக்கரணமும் போடணுமா?" என்று முறைத்துக்கொண்டே எழுந்தார். பம்ப் மறுபடி உப்பியது. துடுப்பைப் பிடித்திருந்த அண்ணன் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் முன்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினாள். வெயில் படக் கூடாதென்று அண்ணன் அதற்கடியில் மறைத்து விட்டிருந்த பெட்ரோல் குழாய், மாமா உட்கார்ந்த இடத்தில் மட்டும் தட்டையாகக் கிடந்தது.

"ஒரே நேரத்துல ரெண்டு மாறியிருக்கு மாமா, நான் ஏறினப்பல்லாம் நீங்களும் இடம் மாறியிருக்கீங்க" என்றவள், நடுப்பலகைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து இடம்விட்டாள். "வாங்க, என் பக்கத்துலயே உக்காருங்க, அப்பதான் நாம எல்லாரும் கரை சேர முடியும்."