தெரிந்தவர்களிடம் தொடங்கு

"தொழில் தொடங்கறது எப்படின்னு படிக்கப் போறியே, இன்னைக்கு என்னம்மா சொல்லிக்கொடுத்தாங்க?" சாப்பாட்டு மேசையில் மகளிடம் கேட்டார் தையல்காரர்.

"ஓடாத கடையைக் கட்டிக்கிட்டு அழக் கூடாதாம்ப்பா."

"நல்ல பாடம். நானும் இன்னைக்கு நம்ம கடையை இழுத்து மூடிட்டேன்."

மகளுக்குப் பகீரென்றது. "ஏம்ப்பா?"

"வீட்டுக்கே வந்து அளவெடுக்கிற கம்பெனி ஒண்ணு முளைச்சிருக்கே, அது என் வாடிக்கைக்காரங்களை ஒருத்தர் விடாம அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. தபால்காரருக்கு இடது தோள் சரிவு, சட்டையில அங்கே பஞ்சு வெச்சுத் தைக்கணும்னு, அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலேயே சொன்னாங்களாம். பலே கில்லாடிங்க!"

"இனி என்னப்பா பண்ணுவீங்க?"

"அங்கேயே தைக்க ஆள் கேக்கறாங்களாம். போகலாம்னு இருக்கேன்."

"வேண்டாம்ப்பா!" மகள் பதறினாள்.

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். "அந்தத் தோள் விஷயத்தை நான் கடையில மூச்சு விட்டதில்லம்மா. கூச்சப்படுவார், பாவம். இந்த மேசையில மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

மகள் தலை குனிந்தாள். யாருடைய குறை உங்களுக்கு நன்றாகத் தெரியுமோ, அவர்களிடமிருந்தே தொழிலைத் தொடங்குங்கள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். தோழிகளோடு சேர்ந்து அந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது, அப்பா இந்த மேசையில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்ன மனிதர்களைத் தவிர அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

"அப்பா..."

வாஞ்சையாகத்தான் கேட்டார், பெற்றவர் அல்லவா!

"நாளைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வரணும், முதலாளியம்மா?"