வெடிமுத்துவின் டீ

பகலெல்லாம் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்தக் காமிக்ஸ். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்து நானே விற்பேன். கதாநாயகன் வெடிமுத்துவின் மீசைக்கு மட்டும் பக்கத்துக்கு அரைமணி நேரம் பிடிக்கும். ஆறு வருடத்தில் மணிக்கட்டே போய்விட்டது. அதனால் 2006 பொங்கல் இதழின் கடைசிப் பக்கத்தில் அவனைக் கொன்று, மாலை போட்டுக் கிடத்தினேன்.

அந்தப் பக்கத்தின் முதல் ஜெராக்ஸில் அவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவன் செத்துட்டான்."

"நீங்க குடுத்ததத்தான் தம்பி போட்டேன்," என்றார் கடைக்கார சாவித்திரி அக்கா. "இன்னொண்ணு போடறேன், இருங்க."

இரண்டாவதில் கிளாஸில் பாதி டீதான் இருந்தது. மூன்றாவதில் கிளாஸ் காலி.

"குடிச்சி முடிச்சிட்டாரு. இனிமே படுத்துடுவாரு, பாருங்க."

நான்காவதில் மாலையோடு படுத்திருந்தான்.

மெஷின் மூடியைத் தூக்கி என் அசல் படத்தை எடுத்தேன். நான் கிடத்தியபடியேதான் கிடந்தான். மீசையில் மட்டும் நுரை. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.