மூன்றாவது ஆடு

ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, டோரின் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய கோட்டு யார்க்ஷயர் மழையைச் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் அவளுக்கான இடம்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வீட்டுக்கு இரண்டு டிக்கெட். மூன்றாவது கேட்டால் தலைமை ஆசிரியை கடித்துக் குதறிவிடுவார்.

டார்சி தன் இரண்டு டிக்கெட்டையும் ஊரை நிர்வகிக்கும் கவுன்சிலுக்கு அனுப்பியிருந்தாள்.

அவளுக்கு ஏழு வயது. வளர்ப்பு வீட்டில் இருக்கிறாள். கோர்ட் உத்தரவுப்படி கவுன்சில்தான் அவளுக்குப் பெற்றோர்.

கோடையில் அப்படிப்பட்ட பிள்ளைகளையெல்லாம் வரவழைத்து ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். கவுன்சிலர், குழந்தைகள் நலக் குழுவின் தலைவி என்பதால் டோரின் பேசினாள். இந்தக் கவுன்சிலர்கள் அத்தனை பேரும் உங்களுக்கு அம்மா அப்பா மாதிரி இல்லை, அம்மா அப்பாவேதான் என்றாள். வருஷா வருஷம் சொல்வதுதான். பெரிய பிள்ளைகள் கேக்கைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

டார்சி மட்டும் கையைத் தூக்கினாள். "நெசமாவா?"

"நெசமாத்தான் கண்ணு."

ஆகவே டிக்கெட்டுகள் வந்தன.

போன திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒரு பிள்ளைக்குப் போனால் எல்லாப் பிள்ளைக்கும் போக வேண்டி வருமே என்றார் ஒருவர். வக்கீலைக் கேட்டுக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். டோரின் மேஜையைத் தட்டினாள். "பெத்தவங்கன்னு வாயால சொன்னா போதுமாய்யா? புள்ள கூப்பிடுறா, போய் உக்காரணும்." பெற்றோர் தம் பிள்ளையின் நாடகம் பார்க்க ஓட்டெடுப்பு நடத்தியது எங்கள் ஊராகத்தான் இருக்கும். ஒரு வழியாக அனுமதி கிடைத்தது. கூட வருகிறேன் என்று சொன்ன சக கவுன்சிலர் நைஜலுக்குக் கடைசி நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது. அவருக்கு எப்போதும் வந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மற்றபடி எல்லாமே நல்ல சேதி. வெளி நிறுவனங்கள் ஏற்பாடு செய்த வீடுகளில் இருந்த ஆறு பிள்ளைகளைக் கவுன்சிலின் சொந்த வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றுகிறோம், கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவோம் என்று அதிகாரி சொன்னார். செலவும் குறையும். டோரின்தான் முதலில் கை தட்டினாள். பெயர்கள் சொல்லப்படவில்லை. குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அப்படி ஒரு விதி.

விளக்கு அணைந்தது. பியானோ தொடங்கியது.

மேரி, குழந்தை ஏசுவைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜோசப் மூக்கை நோண்டினான். பின்னாலேயே மூன்று ஆடுகள் வந்தன. முகத்தில் அட்டை முகமூடி, உடம்பெல்லாம் பஞ்சு.

'நான் மூணாவது ஆடு' என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள் டார்சி. நல்ல வேளை. இல்லாவிட்டால் எந்த ஆட்டைப் பார்ப்பது என்று தெரியாமல் போயிருக்கும்.

டோரின் கையசைத்தாள்.

மூன்றாவது ஆடு அவளைப் பார்த்தது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தது. தனக்குத்தான் என்று தெரிந்ததும் மெல்ல ஒரு கையைத் தூக்கி அசைத்தது.

அறுபத்து நான்கு வயதில் டோரினைத் தேடி ஒரு பிள்ளை மேடையிலிருந்து கையசைப்பது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் இருந்த ஆள், வேலை செய்த மஞ்சள் சட்டையோடு அப்படியே வந்திருந்தவர், குனிந்து கேட்டார். "அக்கா, இதுல யாரு உங்க பேத்தி?"

"அந்தக் கடைசி ஆடு. பேத்தி இல்ல, பொண்ணு."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வயசுலயா! கெட்டிக்காரிதான் போங்க."

டோரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஆடு இன்னொரு முறை கையசைத்தது. இவளும் அசைத்தாள். நாடகம் முடியும் வரை இருவருக்கும் இதே வேலை. ஞானிகள் வந்ததையோ பரிசு கொடுத்ததையோ அவள் கவனிக்கவில்லை.

முடிந்ததும் பிள்ளைகள் மேடையிலிருந்து குதித்து அவரவர் வீட்டாரிடம் ஓடினார்கள். டோரின் எழுந்து, பையிலிருந்த சாக்லேட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஆடு முகமூடியைக் கழற்றியது. செம்பட்டை முடியோடு ஒரு பையன். அவளைத் தாண்டி ஓடிப்போய்க் கடைசி வரிசையில் இருந்த ஒருத்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

வகுப்பு ஆசிரியை மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு வந்தார். டோரினின் நெஞ்சில் தொங்கிய கவுன்சில் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"டார்சி எங்க?" என்றாள் டோரின்.

"அவளைப் புதன்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டாங்களே. கடலோரத்துல ஏதோ ஒரு ஊர்ல புது வீடாம். ஒங்க ஆளுங்கதான் கார் கொண்டு வந்தாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள முடிக்கணுமாம்." ஆசிரியை அந்த அட்டையை மறுபடி பார்த்தார். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

டோரின் மறுபடியும் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். சாக்லேட் கையிலேயே இருந்தது.

கோட்டு கிடந்த பக்கத்து நாற்காலியைத் தொட்டுக் கேட்டாள். "அப்புறம் எதுக்கு இந்த ரெண்டு நாற்காலியையும் காலியா வச்சிருந்தீங்க?"

"அவதான் சொல்லிட்டுப் போனா. கார்ல ஏறினவ எறங்கி வந்து சொன்னா." ஆசிரியை தட்டைக் கீழே வைத்தார். "'யாருக்கும் குடுத்துடாதீங்க மிஸ், எங்க வீட்டுலேர்ந்து வருவாங்க. நான் போயிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா பாவம், தேடுவாங்க.'"